பாகூரில் கிருமி இல்லை

பிரெஞ்சுக்காரர்கள் கிளம்பிப் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. புதுச்சேரியில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு உதவியாளர் வேலை. பாகூர்ப் பக்கம் சைக்கிளில் போய், ஆறாத புண் உள்ளவர்களிடம் பஞ்சுக் குச்சியால் சீழ் எடுத்து வருவேன். அதிலுள்ள கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அது எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்கு அசைந்து கொடுக்கவில்லை என்று எங்கள் டாக்டர் ஊர்வாரியாகக் குறித்து வைப்பார். பலிக்காத இடத்தில் பென்சிலினைக் குத்திக் குத்திக் கிருமிக்குப் பழக்கிவிடக் கூடாது என்பது அவர் கட்சி. வெள்ளைக் கோட்டு மாட்டிய எனக்கோ பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு.

பக்கத்து ஊரான நெட்டப்பாக்கத்துச் சீழில் கிருமி வஞ்சனை இல்லாமல் வளர்ந்தது. பாகூர்த் தட்டுகளில் மட்டும் ஒன்றுமே முளைக்கவில்லை. அது என் சொந்த ஊர். "எங்க ஏரித் தண்ணி அப்படி சார், பாகூர்ல கிருமியே இல்ல" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்.

"அப்போ உங்க ஊர்க் கரும்பு வெட்டறவன் ஒருத்தன் கால் ஏன்யா அழுகுது?" என்றார் டாக்டர். "பென்சிலின் கேக்கல. எந்த மருந்து கேக்கும்னு தெரியலன்னா காலை எடுத்துடுவாங்க. போய் மறுபடி சீழ் எடுத்துட்டு வா."

வழக்கமாக என் வருகையை முதல் நாளே ஊருக்குச் சொல்லி அனுப்புவேன். பெரிய மனுஷன் அல்லவா? அன்று சொல்லாமல் போய் நின்றேன். கிணற்றடியில் அந்த ஆளின் மனைவி கையில் அரைத்த மஞ்சளோடு, அவர் காலைக் கழுவ உட்கார்ந்திருந்தாள்.

"கழுவாதம்மா!" என்று கத்தினேன்.

"இன்னா சார் நீங்க! இந்த நாத்தத்தோடயா உங்க முன்னால காட்டறது? நீங்க வர்றீங்கன்னா ஊரே கழுவி மஞ்சள் வச்சுத்தான காட்டுது?"

ஆக, இத்தனை மாதமும் நான் மஞ்சளைத்தான் ஒற்றிக்கொண்டு போயிருக்கிறேன். வாசனை தெரியவில்லையா என்றால், தெரிந்தது. சுத்தமான ஜனங்கள் என்று மெச்சிக்கொண்டேன்.

கையெடுத்துக் கும்பிட்டுச் சீழ் எடுத்தேன். தட்டில் வைத்த மருந்து வில்லைகளில் பென்சிலினை ஒட்டியே கிருமி மண்டியது. டெட்ராசைக்ளினைச் சுற்றி மட்டும் வெறிச்சென்றிருந்தது. டாக்டர் மருந்தை மாற்றினார். ஊர்ப் பெருமை பேசி ஒருவர் காலுக்கு உலை வைத்துவிட்டேனோ என்ற பயம் மட்டும் எனக்குப் போகவில்லை.

பிறகு ஒரு நாள் அந்த ஆள் லேபுக்குள் நடந்தே வந்தார். முழங்கால் வரை வயல் சேறு.

"நீங்க சொன்ன மாதிரியே கழுவாம வந்துட்டேன் சார், எடுத்துக்குங்க" என்று காலைத் தூக்கி நாற்காலியில் வைத்தார்.

குச்சியோடு குனிந்தேன். சேற்றை வழித்துப் பார்த்தால் அடியில் வெறும் தழும்புதான் இருந்தது.