இரண்டு முறை துளைத்த பந்து

பந்தை உருட்டி, பின் எனப்படும் பத்துக் கட்டைகளைச் சாய்க்கும் பவுலிங் கூடத்தில் அவரை எல்லாரும் ஓட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பந்தில் மூன்று துளை போட்டுக் கொடுப்பது அவருடைய வேலை. நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் ஒவ்வொன்று, கட்டைவிரலுக்கு ஒன்று. முதலில் குழாய்த் தொழிற்சாலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அது மூடிய பிறகு இங்கே வந்தார். பத்தொன்பது வருடம் ஆகிவிட்டது. வாடகைக் காலணிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. சிமெண்டுத் தரையில் நின்று நின்று முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. முகமூடி போட்டாலும் பந்தின் தூள் தொண்டைக்குள் போய்விடும். வீட்டில் அவர் இருமுவதை வைத்தே அன்றைக்கு எத்தனை பந்து என்று மனைவி சொல்லிவிடுவாள்.

கூடத்துக்கு வரும் பல் டாக்டர் ஒருவர், "நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்தான், என்ன, உங்க பந்து கத்தாது" என்பார். ஓட்டைக்காரர் ஒவ்வொரு தடவையும் சிரித்து வைப்பார்.

துளை போடுவதைவிட, எங்கே போடுவது என்று தீர்மானிப்பதுதான் கஷ்டம். பந்துக்குள்ளே கனமான கரு ஒன்று இருக்கிறது. அதன் தலை எந்தப் பக்கம் என்று காட்ட வெளியே ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். கையை விட்டதும் பந்து எந்த அச்சில் சுழல்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. அந்த அச்சுக்கும் புள்ளிக்கும் இடையே எத்தனை அங்குலம் விடுகிறோம் என்பதைப் பொறுத்து, பந்து சீக்கிரமே வளையும், அல்லது கடைசிவரை பொறுத்திருந்து திரும்பும். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் பெரிய வளைவு வேண்டும். பார்க்கிறவர்கள் வாயைப் பிளக்க வேண்டும். உங்கள் கைக்கு அது சரிவராது என்று அவர் ஒரு காலத்தில் எல்லாருக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். போகப்போகச் சொல்வது இரண்டு வாக்கியமாகச் சுருங்கியது.

அவருடைய மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், லாரி ஓட்டுகிறவர். வாரம் தவறாமல் லீக் போட்டியில் ஆடுவார். அணியில் கடைசியாக வீசுவது அவர்தான். ஆட்டம் இழுபறியாக இருந்தால் முடித்து வைக்கிற இடம் அது. பன்னிரண்டு வருடமாக அவர் கையைவிட்டுப் போனதில்லை. போன வருடம் வலது தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு மாதம் கழித்து, புதுப் பந்து ஒன்றை வாங்கித் தோளில் வைத்திருக்கும் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வந்து நின்றார். பழைய பந்தில் இருந்த அதே இடத்தில் துளை வேண்டும் என்றார்.

அன்று மதியத்துக்குள் ஓட்டைக்காரர் ஒன்பது பேருடன் வாதாடி முடித்திருந்தார். இருந்தாலும் மச்சானைப் பழைய பந்துடன் பந்து உருளும் லேனுக்குக் கூட்டிப் போய் மூன்று தடவை வீசச் சொன்னார். லேனில் பூசியிருக்கும் எண்ணெய் பந்தின் மேல் வளையம் வளையமாகப் படியும். அந்த வளையத்தை வைத்து அச்சை அளந்து, அங்கே வெள்ளை டேப் ஒட்டி மறுபடி வீசச் சொன்னார். டேப் ஆடாமல் சுழன்றது, அளவு சரிதான். அச்சு முன்பிருந்த இடத்திலிருந்து ஓர் அங்குலம் தள்ளிப்போயிருந்தது. வேகமும் நன்றாகக் குறைந்திருந்தது.

பழையபடி மூன்றரை அங்குலத்தில் துளைத்தால், இந்த வேகத்துக்குப் பந்து பாதி வழியிலேயே வளைந்து தீர்ந்துவிடும். பின்களைத் தொடும்போது அதில் உயிர் இருக்காது. ஐந்து அங்குலம் விட்டால் வளைவு சின்னதாக இருக்கும், ஆனால் கடைசியில் அடி விழும். இதை அவர் சொல்லத் தொடங்கினார். மச்சான் பாதியிலேயே தலையை ஆட்டினார். தோள் நன்றாகிவிட்டது, வேகம் தானே வரும், தன் பந்து எப்படித் திரும்பும் என்று ஊருக்கே தெரியும் என்றார்.

ஓட்டைக்காரருக்கு முழங்கால் விண் விண் என்று தெறித்தது. இன்னும் நான்கு பந்துகள் காத்திருந்தன. "சரி மச்சான்" என்றார். மூன்றரை அங்குலத்தில் குறித்துத் துளைத்துக் கொடுத்தார்.

அடுத்த ஆறு வாரமும் அவர் அறைக் கதவின் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். பந்து அழகாக வளையும். பிறகு தூங்குகிறவன் புரண்டு படுப்பது போலப் போய்ப் பின்களில் சாயும். நான்கைந்து பின்கள் நின்றபடியே இருக்கும். மச்சான் இன்னும் ஓங்கி வீசுவார். ஏழாவது வாரம் அணித் தலைவர் அவரைக் கொஞ்ச நாள் உட்காரச் சொல்லிவிட்டார். செய்தியை வீட்டில் மனைவிதான் சொன்னாள்.

"அண்ணன் பேசவே மாட்டேங்குது. உங்ககிட்டதானே துளை போட்டுச்சு, நீங்க ஒண்ணும் சொல்லலையா?"

சொன்னேன், கேட்கவில்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் எவ்வளவு சொன்னோம் என்று அவருக்கே தெரியும். இரண்டு வாக்கியம். மூன்றாவதைச் சொல்ல அலுப்பாக இருந்தது. சாப்பாட்டைப் பாதியில் விட்டு, தட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தார்.

விடுமுறை நாளில் மச்சான் வீட்டுக்குப் போனார். மச்சான் முன்னறையில் தலையணையை முட்டுக் கொடுத்து வலது கையை அதன்மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஐஸ் பை. ஓட்டைக்காரர் சுற்றி வளைக்கவில்லை. அளந்த அன்றைக்கே அந்தத் துளை சரிவராது என்று எனக்குத் தெரியும், களைப்பில் சரி என்று சொல்லிவிட்டேன், தப்பு என்னுடையது என்றார்.

மச்சான் ஐஸ் பையை நகர்த்தி வைத்தார்.

"உனக்கு இந்த வேலை அத்துப்படின்னு எனக்குத் தெரியும் மாப்ள. நீ அவ்வளவு சீக்கிரம் விடுற ஆள் இல்ல. நீயே சரின்னு சொன்னதும், அப்ப என் கை பழைய கைதான் போலன்னு நம்பிட்டேன். அதான் ஓங்கி ஓங்கிப் போட்டேன்."

ஓட்டைக்காரருக்கு அதற்குமேல் அங்கே உட்கார முடியவில்லை. பந்தை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மச்சான் எழுந்து வந்து இடது கையால் கதவைத் திறந்துவிட்டார்.

பழைய துளைகளில் பிசினை ஊற்றி, ஒரு நாள் முழுக்கக் காயவைத்து, மேடு தெரியாமல் தேய்த்தார். மூன்று இடத்திலும் வட்டமாகத் தழும்பு மாதிரி நிறம் மாறித் தெரிந்தது. புது அச்சிலிருந்து ஐந்து அங்குலம் அளந்தார். அளந்ததை அழித்து மறுபடி அளந்தார். லேத் வேலையில்கூட அவர் இவ்வளவு பயந்து கருவியை இறக்கியதில்லை. மச்சானின் விரல்கள் வீங்கியிருந்ததால் துளைகளைக் கொஞ்சம் அகலமாகவும் விட்டார்.

மருத்துவர் இரண்டு மாதம் ஓய்வு சொல்லியிருந்தார். அது முடிந்து ஒரு பிற்பகலில் மச்சான் வந்தார். கூடத்தில் ஆள் அதிகம் இல்லை. மெதுவாகத்தான் வீசினார். பந்து முக்கால் தூரம் நேராகவே போனது. ஏமாற்றத்தில் மச்சான் முகத்தைத் திருப்பிக்கொள்ளப் போனார். கடைசி நேரத்தில் பந்து ஒரு சாண் திரும்பி, முன்னால் நிற்கும் முதல் பின்னுக்குப் பக்கத்தில் புகுந்தது. ஒன்பது விழுந்தன. அடுத்ததில் பத்தும்.

"பார்க்க ஒண்ணுமே இல்லையே மாப்ள" என்றார் மச்சான். கையை மெல்லச் சுழற்றிப் பார்த்துவிட்டு இன்னொரு தடவை வீசப் போனார்.

அணியில் அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். கடைசி இடம் இப்போது ஒரு தபால்காரருக்கு. மச்சான் இரண்டாவதாக வீசுகிறார். ஆட்டத்துக்கு நூற்றைம்பது, நூற்று அறுபது புள்ளி என்று எடுக்கிறார். இருநூறு என்பது இனி இல்லை. முதல் சில வாரங்கள் தன் கடைசி வீச்சு முடிந்ததும் காலணியைக் கழற்றிவிட்டுப் போய்விடுவார். இப்போதெல்லாம் ஆட்டம் முடியும்வரை இருந்து தபால்காரருக்குக் கைதட்டுகிறார், இடது கையால் தொடையில் தட்டி.

ஓட்டைக்காரர் இப்போது மூன்றாவது வாக்கியத்தையும் சொல்கிறார். சிலர் கேட்கிறார்கள். சிலர் முகத்தைச் சுளித்து வேறு கடைக்குப் போகிறார்கள். போகிறவர்களைப் பார்த்துக்கொண்டே அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு, ஐந்து நிமிடம் காலை நீட்டி உட்காருகிறார்.