காது குத்தலாமா என்று தங்கை கேட்டது

"அண்ணா, பாப்பாவுக்கு ஆனி முதல் ஞாயிறு காதுகுத்து. ஒரு விஷயம் நேர்ல பேசணும். லீவு போட்டுட்டு வா."

தங்கை அனுப்பிய இந்தச் செய்தியின் தேதி வைகாசி 9. வில்லியனூரிலிருந்து திருபுவனைக்கு வேலைக்குப் போகும் பேருந்தில் படித்தேன். காதுகுத்தில் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும்; அவளுக்கு அண்ணன் நான் ஒருவன்தான். அப்படியிருக்க நேரில் பேச என்ன இருக்கிறது? என் தோலைப் பற்றித்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

எனக்குப் பல வருடங்களாக சோரியாசிஸ். ஒரு தை மாதம், தங்கை வீட்டுக் கரும்பு வெட்டைப் பார்க்கப் போனபோது தோகை என் முன்கையில் நீளமாகக் கிழித்தது. காயம் ஆறவேண்டிய நாளில் அந்தக் கோட்டிலேயே வெள்ளைச் செதில் எழுந்தது. பிறகு முழங்கைகள், முழங்கால்கள், தலையில் முடி தொடங்கும் இடம். எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும் ஒருமுறை திரும்பிப் பார்த்துத் தட்டிவிடுவது வழக்கமாகிவிட்டது.

சென்ற மாசியில், புதுச்சேரியில் நான் காட்டிக்கொள்ளும் மருத்துவமனையின் தோல் பிரிவில், ஆராய்ச்சிக்குக் கொஞ்சம் தோல் தர முடியுமா என்று கேட்டார்கள். தந்தேன். செதில் எழுந்த படையிலிருந்து ஒரு துண்டு, படை இல்லாத இடத்திலிருந்து ஒரு துண்டு, இரண்டும் அரிசி அளவு. "ரெண்டு எடத்துலயும் ஒரே மரபணுதான் சார். எது எங்க எவ்ளோ வேல செய்யுதுன்னுதான் பாக்கறோம்" என்றார் இளம் மருத்துவர்.

அதன்பின் இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். காயம் ஆற்றுவதற்காக எழவேண்டிய மரபணுக்கள் காயமே இல்லாத இடத்தில் ஓயாமல் வேலை செய்கின்றன. கிருமி வராத இடத்தில் கிருமியை எதிர்க்கும் புரதங்கள் குவிகின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் மேலே வரவேண்டிய தோல் சில நாட்களில் வந்துவிடுகிறது. இவை எனக்குச் சமாதானமாகவே இருந்தன. அலைக்கழித்தது வேறொன்று: படை இல்லாத தோல்கூட முழுக்கச் சாதாரணமானதல்ல, அங்கும் சில மரபணுக்களின் அளவு லேசாக மாறியிருக்கக்கூடும். அதைப் படித்த நாளிலிருந்து என் நல்ல தோலையும் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன்.

வைகாசி 14 அன்று பாகூர்ப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போனேன். தங்கையின் நாத்தனார் வந்திருந்தாள்.

"இன்னா மாமா, இந்த வெயில்ல முழுக்கை சட்ட? ஆபீசர் ஆயிட்டீங்களா?" என்று சிரித்தபடி தண்ணீர் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சொம்பை நீட்டினேன். நான் கீழே வைத்த பிறகுதான் எடுத்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க மாமா. பச்ச புள்ள. உங்க பெரியப்பா மவன் இருக்காரு இல்ல, அவரு மடியில வெச்சிக்கினா இன்னா? நீங்க சீர் தட்டத் தூக்கிக்கினு முன்னால வாங்க."

"அவனா? குடிச்சிட்டு வந்து புள்ளையோட சேந்து வுழுவான்" என்றார் தங்கை கணவர்.

நான் படித்ததையெல்லாம் சொன்னேன். இது கிருமி அல்ல, தொட்டால் ஒட்டாது, என் உடம்பே என் தோலை விரட்டி வேலை வாங்குகிறது என்று. தங்கை கணவர்தான் பதில் சொன்னார்.

"நம்ம போர் மோட்டாரு மாரி சொல்றீங்க மச்சான். ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வுட்டா கரண்ட் வந்ததும் அது பாட்டுக்கு ஓடும். வயலு ரொம்பினது அதுக்கு இன்னா தெரியும்?"

"அதேதான் மாப்ள."

"எம் மோட்டாரு ஓடுனா பக்கத்து கொல்லைக்காரன் மோட்டாரு ஓடுமாடி?" என்று தங்கையைக் கேட்டார். நாத்தனார் உதட்டைச் சுழித்தாள். "எனக்கு இன்னா, உங்க வூட்டு புள்ள" என்று உள்ளே போய்விட்டாள். மடி என்னுடையது என்று முடிவானது. வாதத்தில் ஜெயித்தவனாகக் கிளம்பினேன்.

பேருந்து நிறுத்தம்வரை என் தங்கை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூட வந்தாள்.

"மடி பஞ்சாயத்து அவ கெளப்பினது. ஒட்டாதுன்னு எனக்கு முன்னயே தெரியும். நான் பேசணும்னு சொன்னது வேற" என்றாள். "தோகை கிழிச்ச எடத்துல தானே உனக்கு மொதல்ல வந்துச்சு? உன் ரத்தம்தான் எனக்கும். இவளுக்கும் உள்ள இருந்தா? காதுல குத்தற புண்ணுலேர்ந்து கெளம்பிட்டா?"

குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"நீ நெறைய படிக்கற. வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, நிறுத்திடறேன். அவர நான் சமாளிச்சிக்கறேன்."

குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு கூடும். ஆனால் பெரும்பாலும் வராமலே போகலாம். இருப்பவருக்குக் காயம்பட்ட இடத்தில் எழுவது உண்டு. இதெல்லாம் எனக்குத் தெரியும். இவற்றில் எதுவும் அவள் கேட்ட ஒரு வார்த்தை ஆகாது. ரெண்டு நாளில் சொல்கிறேன் என்று பேருந்து ஏறினேன்.

மறுநாளே அந்த இளம் மருத்துவரிடம் போனேன். நான் கொடுத்த தோலில் இதற்குப் பதில் இருக்குமா என்று கேட்டேன்.

"அது உங்களப் பத்தியே தனியா ஒண்ணும் சொல்லாது சார். நெறைய பேரோடத சேத்துதான் பாப்போம். கொழந்தைக்குத் தோல் நல்லாதானே இருக்கு? குத்தக்கூடாதுன்னு சொல்ல எங்கிட்ட காரணம் இல்ல. வரவே வராதுன்னும் எழுதித் தர முடியாது."

அன்று மாலை தங்கைக்குப் போன் செய்து "குத்தலாம்" என்றேன். மருத்துவர் சொன்ன இரண்டாவது பாதியையும் சொன்னேன். "நீ சொல்றியா, டாக்டர் சொல்றாரா?" என்று கேட்டாள். "நான்தான் சொல்றேன்" என்றேன்.

ஆனி முதல் ஞாயிறு, அவர்கள் குலதெய்வக் கோயில் வாசலில் குழந்தை என் மடியில் உட்கார்ந்தாள். ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் என் சட்டைக் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். குத்தியபோது வீறிட்டாள். எல்லோரும் அவள் வாயில் சர்க்கரை போடப் பார்த்தார்கள். தங்கையும் நானும் காதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆனி 29 அன்று தங்கை ஒரு புகைப்படம் அனுப்பினாள். வலது காதுமடலின் பின்புறம், துளையைச் சுற்றி, உலர்ந்த வெண்மையாக ஏதோ படிந்திருக்கிறது. அதன் கீழே எதுவும் எழுதவில்லை. தங்கத்தில் கலந்த செம்பு ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் தங்கை கணவர். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், பெரிதாக்கினால் மங்குகிறது. மருத்துவர் நேரில் பார்க்காமல் சொல்ல மாட்டேன் என்கிறார். வருகிற வியாழன் அழைத்துப் போகிறோம். அது கம்பியால் வந்ததா, எங்கள் ரத்தத்தில் வந்ததா என்பது, இதை எழுதும் ஆடி 2 வரை, உறுதி செய்யப்படவில்லை.