திமிங்கிலத்துக்கு ஸ்லாட் எதற்கு?

"அப்பா, மியூசியத்துக்கு ஆன்லைன்ல டிக்கெட் போட்டுடவா?" என்று புனேயிலிருந்து மகன் போனில் கேட்டான்.

"செத்துப்போன திமிங்கிலத்தைப் பாக்க எதுக்குடா அப்பாயின்ட்மென்ட்?" என்றேன்.

இப்போதும் அந்தக் கேள்வியில் தப்பிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு நடந்ததில்தான் கொஞ்சம் தப்பு.

என் மனைவி மல்லிகா பள்ளிக்கூடத்தில் படித்தபோது சென்னைக்கு டூர் போனாள். அங்கே ஒரு மியூசியத்தில், கூரையிலிருந்து தொங்கிய திமிங்கிலத்தின் எலும்புக்கூடு. ஜோடி ஜோடியாகக் கைகோத்துக்கொண்டு பெண்கள் வரிசை. மல்லிகா வால் பக்கம் வந்து சேர்ந்தபோது டீச்சர் விசில் ஊதிவிட்டார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். ஆக, வாலைப் பார்த்தவள் தலையைப் பார்க்கவில்லை.

"அவ்ளோ பெரிய வாலுக்குத் தலை எப்படி இருக்கும்?" என்று கல்யாணமான புதிதிலேயே என்னிடம் கேட்டிருக்கிறாள். டிவியில் காட்டும்போது பார்த்துக்கொள் என்றேன்.

"டிவியில எறும்பும் அதே சைஸு, யானையும் அதே சைஸுங்க" என்றாள்.

நியாயம்தான் என்றேன். கூட்டிக்கொண்டு மட்டும் போகவில்லை.

பிறகு என் அம்மா படுக்கையில் விழுந்தார். அன்றிலிருந்து மல்லிகா ஆம்பூர் பஜாரைத் தாண்டவில்லை. கஞ்சி, மாத்திரை, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது… எல்லாம் அவள்தான். நான்? மேற்பார்வை.

இந்த நிலையில்தான் என் தங்கை வசந்தா வந்தாள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். "அண்ணி, இந்த வெள்ளிக்கிழமை அம்மாவை நான் பாத்துக்கறேன். எங்கனா போய்ட்டு வாங்க. அடுத்த வாரத்துலேர்ந்து ஷிப்மென்ட் ஜாஸ்தி, லீவு நாள்லயும் ஓவர்டைம். இதை வுட்டா மறுபடி எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது" என்றாள்.

மல்லிகா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "திமிங்கிலம்" என்றாள்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விளக்கம். எங்கள் பக்கத்தில் தோல் பதனிடும் டேனரிகள் பலவற்றுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை. ஜும்மா தொழுகை நாள். ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடும். ஏற்றுமதி டாக்குமென்ட் பிரிவில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவன் நான். கல்யாணம், காட்சி, ஊர் சுற்றல் எல்லாவற்றையும் வெள்ளிக்கிழமையில் வைத்தே பழகிய உடம்பு.

மகன் டிக்கெட் போடவா என்று கேட்டதும் எனக்குக் கோபம் வந்தது. வேலைக் காலம் முழுக்க முன்கூட்டியே திட்டமிட்டவன் நான். கப்பலில் இடம் பிடிக்க வேண்டும், ஷிப்பிங் பில் போட வேண்டும், சரக்கு எங்கே உற்பத்தியானது என்பதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு கமா இடம் மாறினாலும் வெளிநாட்டு பேங்க் பணத்தை நிறுத்திவிடும். சரி, அது சரக்கு. நான் சரக்கா?

இப்போது பாருங்கள். செல்போன் நம்பர் கொடு, ஓடிபி போடு, பிறந்த வருடம் சொல், பத்தரை ஸ்லாட்டா பன்னிரண்டு ஸ்லாட்டா தேர்ந்தெடு… இத்தனைக்கும் மேலே, 'வசதிக் கட்டணம்' என்று ஒன்று. யாருடைய வசதி? மியூசியத்திலிருக்கும் வரலாற்றுக்கு முந்தைய கோடாரி அத்தனை காலம் காத்திருந்தது. நான் இட்லி சாப்பிட்டுவிட்டு நிதானமாக வருவதற்குள் அதற்கென்ன அவசரம்? ஒரு குடிமகன் பொது இடத்துக்கு நடந்து போய், கவுண்டரில் கையை நீட்டி டிக்கெட் வாங்குவது என்ன குற்றமா?

"கவுண்டர்ல வாங்கிக்கறேன்" என்று போனை வைத்தேன். கூடவே ஒரு சாமர்த்தியக் கணக்கு வேறு — ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நெரியும், வெள்ளிக்கிழமை காலியாக இருக்கும்.

காலியாகத்தான் இருந்தது. கேட்டில் பூட்டு தொங்கியது.

மல்லிகா கல்யாணங்களுக்கு மட்டும் கட்டும் நீலப் புடவையில் வந்திருந்தாள். "இன்னாங்க, கேட்டு மூடியிருக்குது?"

உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்த வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை சார்" என்றார்.

"தெரியும். அதனாலதான் வந்திருக்கோம்."

"வெள்ளிக்கிழமை லீவு சார்."

"எங்களுக்கும் லீவுதான்யா. லீவு இல்லாம எப்படி வர முடியும்?"

அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். "சார் எந்த ஊரு?"

நான் விடுவேனா? பொறுப்பு அதிகாரி யார், வெளியூர்க்காரர்களுக்குச் சிறப்பு அனுமதி உண்டா, விடுமுறை அறிவிப்பு ரோட்டிலிருந்து தெரியும்படி இருக்க வேண்டாமா… ஒவ்வொன்றாகக் கேட்டேன். கடைசிக் கேள்விக்கு மட்டும் அவர் கையை நீட்டிக் காட்டினார். என் தலைக்கு நேர் மேலே போர்டு இருந்தது.

"ஆன்லைன்ல போட்டிருந்தா தெரிஞ்சிருக்கும் சார். வெள்ளிக்கிழமையத் தொட்டாகூட எடுக்காது. சும்மா பேஜார் ஆயிட்டீங்க" என்றார், ஆறுதலாக.

மல்லிகா கம்பிக்கு அருகே போனாள். "திமிங்கிலம் உள்ளதான் இருக்குதா?"

"இருக்குதும்மா. அது எங்க போவும்?"

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பி நடந்தாள். கடற்கரைக்குப் போகலாமா என்றேன். ஹோட்டலுக்கு? புடவைக் கடைக்கு? அவள் ஸ்டேஷன் பக்கமே நடந்தாள். அடுத்த ரயிலைப் பிடித்தோம்.

காட்பாடி தாண்டியபோதுதான் பேசினாள். சத்தம் போடவில்லை.

"எனக்குன்னு ஒரே ஒரு நாள் கெடச்சுது. உங்க வீம்புக்கு அதுதான் கெடச்சுதா?"

அத்தனை வாதம் வைத்திருந்தேனே, ஒன்றும் உதவவில்லை. முன்பதிவு வேண்டாம் என்று மார்தட்ட, கையில் நிறைய நாட்கள் இருக்க வேண்டும். ரிட்டயர் ஆனவனுக்கு இன்று இல்லாவிட்டால் நாளை. அவளுக்கு எந்த நாளை? நான் பணயம் வைத்தது என் நாளை அல்ல என்பது அங்கே, அந்த ஜன்னலோர சீட்டில்தான் உறைத்தது.

அதற்காக ஸ்லாட்டும் ஓடிபியும் நல்லவை ஆகிவிடுமா? ஆகாது. கவுண்டரும் இருக்கட்டும், நான் சாகும்வரை அதில்தான் நிற்பேன்.

ஆனால் மல்லிகா நிற்கவில்லை. மறுநாள் மகனுக்கு போன் போட்டு, அவன் சொல்லச் சொல்ல, தானே செல்போனில் தட்டினாள். தட்டி முடித்ததும் என்னிடம் காட்டினாள். வரும் செவ்வாய்க்கிழமை. ஒரே ஒரு டிக்கெட்.

"எனக்கு?"

"நீங்க கவுண்டர்ல வாங்கிக்குவீங்கன்னு நெனச்சேன்."

"சரி, அம்மாவை யாரு பாக்கறது? வசந்தாவுக்கு லீவு இல்லையே?"

"உங்க அம்மாதானே?" என்றாள்.

செவ்வாய் விடியலில் அதே நீலப் புடவையில் கிளம்பிப் போனாள். வீட்டில் நானும் அம்மாவும்.

அம்மா கண்ணைத் திறந்தார். "மல்லிகா எங்க?"

"சென்னைக்குப் போயிருக்காம்மா. நான் பாத்துக்கறேன்."

"நீயா?" அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு இன்னாடா தெரியும்?"

தெரியவில்லைதான். கஞ்சி சூடு என்றார், ஆற்றினேன், ஆறிவிட்டது என்றார். திருப்பிப் படுக்க வைக்க ஒரு கை இடுப்புக்கா தோளுக்கா என்று தெரியாமல் திணறினேன். விரிப்பை மாற்றுவதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது. இதை அவள் ஒரு நாளைக்கு எத்தனை தடவை செய்கிறாள்? நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அதே வீட்டில்தானே செய்திருப்பாள்?

மத்தியானம் போன் செய்தேன். ஒரு சந்தேகம் கேட்கத்தான்.

"தலைக்குக் கீழ நிக்கறேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

இரவு வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேராக அம்மாவிடம் போனாள். நான் போட்டிருந்த விரிப்பை ஒரு இழுப்பில் சரிசெய்தாள். பிறகு சமையலறை வாசலில் நின்று இரண்டு கைகளையும் அகல விரித்தாள். போதவில்லை; பின்னோக்கி நடந்து சுவர் வரை போனாள்.

"தலை மட்டும் இவ்ளோ!" என்றாள்.

அந்த முகத்தைப் பார்த்து நானும் சிரித்துவிட்டேன். அதுதான் சமயம் என்று நினைத்தாளோ என்னவோ —

"அடுத்த மாசத்துக்கும் ஒண்ணு போட்டுட்டேங்க. வேற மியூசியம். நீங்க வீட்லதானே இருப்பீங்க?"

எதையும் முன்கூட்டியே புக் செய்ய மாட்டேன் என்றுதான் இவ்வளவு நாள் சொல்லிவந்தேன். என்னை யாரும் புக் செய்யக் கூடாது என்று சொல்லத் தோன்றவே இல்லை!