சின்னக் கவர், பெரிய கவர்

தபால் கந்தோர் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்தவன் முத்திரை விற்பது பாதி நேரம்தான். மீதி நேரம் அடுத்தவர் படிவத்தை விளக்கியே தொண்டை வறண்டுபோகும். அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. இலங்கை மலைநாட்டில், வட்டவளைக்கு மேலே ஒரு சின்ன கந்தோரில் நான் கிளார்க்காக இருந்த ஐம்பதுகளில் ஒரு தேர்தல் வந்தது. வேலையை விட்டு நகர முடியாத ரயில்வேக்காரர்கள் தபாலில் ஓட்டுப் போடலாம் என்றார்கள். விளக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கையெழுத்து

தண்டவாள வேலை பார்க்கும் சந்தியாகு முதல் ஆளாக வந்தார். ஓட்டுச் சீட்டில் பெருக்கல் குறிபோலப் புள்ளடி போட்டு, அதற்குக் கீழே தன் பெயரையும் அழகாக எழுதியிருந்தார். போட்டவர் யாரென்று தெரிந்தால் அந்தச் சீட்டு செல்லாது. சீட்டோடு வந்த அறிவுரைத் தாள் ஒரு முழ நீளம். நானே இரண்டு தடவை படித்துத்தான் புரிந்துகொண்டேன். முன்கூட்டியே சொல்லிக் கொடுக்காதது என் குற்றம், ஆனால் கத்தியது அவரைப் பார்த்து. அவர் நிதானமாகக் கேட்டார்: "ஒப்பம் வைக்காத கடுதாசிய எந்தக் கந்தோருலங்க நம்மகிட்ட வாங்கியிருக்காங்க?"

மாதிரி

மறுநாளே பழுப்புத் தாளில் ஒரு பொய்ச் சீட்டும், ஓட்டுப் போடுபவர் இன்னார் என்று கையெழுத்திடும் உறுதித் தாளும், இரண்டு கவரும் செய்து ஜன்னலில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். சீட்டில் புள்ளடி மட்டும். அது சின்னக் கவருக்குள். கையெழுத்து, உறுதித் தாளில் மட்டும். இரண்டும் பெரிய கவருக்குள். பார்த்தவர்கள் பிறகு தப்புச் செய்யவில்லை.

கடுதாசி போட வந்த ராமாயி அம்மா அதை எடுத்து, யாரும் சொல்லாமலே எல்லாவற்றையும் சரியாகச் செய்து காட்டினார். தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்; குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்று அறைகள் வரிசையாக நிற்கும் லயத்தில் இருப்பவர். நாற்பத்தேழாம் வருஷத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்தான். பிறகு வந்த குடியுரிமைச் சட்டத்தில் தோட்டத்துச் சனங்களின் பெயர்கள் வாக்காளர் பட்டியலிலிருந்து போயின. அவர் பிரஜாவுரிமை கேட்டு எழுதிப்போட்ட மனுவும் தள்ளுபடியானது. ரயில்வேயில் இருக்கும் மகன் செல்லமுத்துவுக்கு மட்டும் அது கிடைத்திருந்தது. பொய்ச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எல்லாம் சரியா செஞ்சுட்டேன்ல, ஐயா? இதயே அனுப்பினா எடுத்துக்குவாங்களா?"

இருபது காம்பரா

கடைசி நாள். தபால் பையைக் கட்டி அரக்கு வைத்தாயிற்று; ரயில் வரும் நேரம். செல்லமுத்து மூச்சிரைக்க ஓடி வந்து பெரிய கவரை நீட்டினார். சீட்டு வந்து ஒரு வாரத்துக்கு மேலாகியிருந்தது.

"இவ்வளவு நாளா என்னய்யா செஞ்சீங்க?" என்று எரிந்து விழுந்தேன்.

"லயத்துல கூடிப் பேசினோங்க. காம்பரா காம்பராவா போய் யாருக்குப் போடணும்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டேன். அம்மாகிட்டதான் கடைசியா கேட்டேன்."

ஓட்டு ரகசியம், யாரிடமும் கேட்கவே கூடாது என்று அதட்டினேன். ஓட்டு ரகசியம் என்பது சட்டப்படி சரிதான். ஆனாலும் சொல்லி முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. அரக்கை உடைத்து, கவரை உள்ளே போட்டு, பையை மறுபடி கட்டினேன். என் உத்தியோகத்தில் அந்த ஒரு தடவைதான் அப்படிச் செய்தேன். செல்லமுத்து பையையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "இருவது காம்பராவுக்கு ஓட்டு ஒண்ணுதாங்க, ஐயா. அத நான் மட்டும் எப்படித் தனியா போடுறது?"

எந்தக் கவருக்குள் எது போக வேண்டும் என்று ஊருக்கெல்லாம் விளக்கிய நான், ராமாயி அம்மா அன்று கேட்டதற்கு மட்டும் இன்றுவரை பதில் சொல்லவில்லை.