மூன்று புத்தகங்களும் ஒரு தோசை வண்டியும்

ஷோபா ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். குணசேகரனைக் கட்டிக்கொண்டு அரக்கோணத்திலிருந்து ஹைதராபாத் வந்து இருபது வருடமாகிறது. அவன் ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். அவள் அமீர்பேட்டில் பெண்கள் ஹாஸ்டல் ஒன்றில் சமைக்கிறாள்.

அந்த ஹாஸ்டலில் தங்கியிருந்த கோயம்புத்தூர்ப் பெண் ரஷ்மி, வேலை கிடைத்து அறையைக் காலி செய்தபோது மூன்று தமிழ்ப் புத்தகங்களைப் பழைய பேப்பர்காரனுக்குப் போடச் சொன்னாள். மூன்றும் பணக்காரர் ஆவது எப்படி என்பதைப் பற்றியவை. ஷோபாவுக்குப் போட மனம் வரவில்லை.

வீட்டருகே மெட்டுகுடாவில் மெட்ரோ ஏறினால் அமீர்பேட் வருவதற்குள் நாலு பக்கம் முடியும். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். எழுத்து பிடிபட்ட பிறகும் விஷயம் பிடிபடவில்லை. ஒரு புத்தகம் கடனே கூடாது என்றது. இன்னொன்று, கடன் வாங்கத் தெரிந்தவன்தான் முன்னேறுவான் என்றது. தங்கம் வாங்காதே என்று நீல அட்டை சொன்ன வாரத்திலேயே, கொஞ்சம் தங்கம் இருக்கட்டும் என்றது பச்சை அட்டை. காதிலிருந்த அரைப்பவுன் தோட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இது அந்தக் கொஞ்சத்தில் சேருமா, சேராதா?

"எழுதினவன் அதை வித்தே பணக்காரன் ஆயிட்டான். நீ கைக்கு மண்டைய ஒடச்சிக்கிறே?" என்றான் குணசேகரன். இருபது வருடத்தில் அவனுடைய 'ஏன்' ஹைதராபாத்தின் 'கைக்கு' ஆகிவிட்டிருந்தது.

ஆனால் ஓரிடம் மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்தது. பேரம் பேசுவது பற்றிய பாடம். தேவையை முகத்தில் காட்டாதே, முதலில் வாயைத் திறப்பவனுக்குத்தான் நஷ்டம் என்று அதில் இருந்தது. ஷோபா அதை மூன்று தடவை படித்தாள். வாயைத் திறக்காமல் இருந்ததற்காக இதுவரை எல்லாரிடமும் திட்டுதான் வாங்கியிருக்கிறாள். அதற்குப் பெயர் சாமர்த்தியம் என்று யாரும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஹாஸ்டலுக்குப் பின்சந்தில் தோசை வண்டி போட்டிருந்த அருணாசலம், வண்டியை விற்கப் போவதாகச் சொன்னார். முழங்கால் வலி. பட்டான்செருவில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். அடுப்பு, கல், பாத்திரம் எல்லாம் சேர்த்து எழுபதாயிரம்.

"உனக்குத் தோதுப்படுமா தங்கச்சி?" என்று அவளிடம்தான் முதலில் கேட்டார்.

ஷோபாவுக்கு ஆசைதான். ஹாஸ்டல் பெண்கள் காலையில் அந்த வண்டியைச் சுற்றி நிற்பதை ஆறு வருடமாகப் பார்க்கிறாள். எத்தனை தட்டு போகிறது, எந்தச் சட்னி மிஞ்சுகிறது என்பதுகூடத் தெரியும். ஆனால் முகத்தை அசைக்காமல், "பாக்கலாம்ணா" என்று சொல்லிவிட்டுக் காய் நறுக்கப் போய்விட்டாள்.

பணத்துக்கு வழி இருந்தது. ஜுலைகா அக்கா நடத்தும் ஏலச்சீட்டில் அவள் இன்னும் எடுக்கவில்லை. இருபது பேர், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. அவசரமாகப் பணம் வேண்டியவர்கள் 'இவ்வளவு தள்ளுகிறேன்' என்று கேட்பார்கள். அதிகம் தள்ளுபவருக்குச் சீட்டு. தள்ளிய தொகையை இருபது பேருக்கும் பிரித்து, அந்த மாதத் தவணையில் கழித்துவிடுவார்கள். இருபதாயிரம் வரை தள்ளலாம், மீதி வண்டிக்குப் போதும் என்று ஷோபா மனதில் வைத்திருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஜுலைகா வீட்டுக் கூடத்தில் கூடினார்கள். பட்டு மாமி மூவாயிரத்தில் ஆரம்பித்தாள். யாரோ ஐந்து என்றார்கள்.

"ஆறு. இந்த மாசம் தங்கம் கொறஞ்சிருக்குன்னு சொல்றா, ரெண்டு வளையல் பண்ணிக்கறேன்" என்றாள் பட்டு.

எல்லாரும் களைத்து ஓயட்டும், கடைசியில் கேட்கலாம் என்று ஷோபா காத்திருந்தாள். முகத்தில் எதையும் காட்டவில்லை.

"ஆறாயிரம் ஒரு தரம். ரெண்டு தரம். என்ன ஷோபா, நீ கேக்கறியா?" என்றாள் ஜுலைகா.

எல்லார் தலையும் அவள் பக்கம் திரும்பியது. இப்போது வாயைத் திறந்தால் முதலில் திறந்ததாகுமா, கடைசியில் திறந்ததாகுமா? அதை யோசிப்பதற்குள் ஜுலைகா சிரித்தாள்.

"ஹவ், ஆமா, அவளுக்கு என்ன அவசரம்? மூணு தரம்! பட்டுக்குத்தான்."

அந்த மாதத் தவணையில் ஷோபாவுக்கு முந்நூறு ரூபாய் குறைந்தது. "எடுக்காம இருக்கிறவதான் கெட்டிக்காரி" என்று ஜுலைகா முதுகில் தட்டிக்கொடுத்தாள். பாராட்டா, பரிகாசமா என்று தெரியவில்லை. ஒரு புத்தகத்தின்படி அவள் இன்று லாபக்காரி. இன்னொன்றின்படி முட்டாள். படி இறங்கும்போது இரண்டும் சரியாகத்தான் பட்டது.

மறுநாள் சந்துக்குப் போனாள். அருணாசலம் கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டியப் பிரசன்னான்னு ஒரு பையன் கேட்டிருக்கான். வியாழக்கிழமை அட்வான்ஸ் தரேன்னிருக்கான். ஒனக்குத்தான் இஷ்டமில்லையே?"

"யாருண்ணா சொன்னா?"

"நீதான். 'பாக்கலாம்'னுட்டு மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனே. ஒரு வார்த்தை வேணும்னு சொல்லியிருந்தா, மாசாமாசம் கொடுன்னு விட்டிருப்பேனே. ஆறு வருஷமாப் பாக்கிற ஆளு நீ."

சந்து முனையில் பஸ்ஸுக்கு நிற்கிற பெண்கள் பார்க்கிறார்கள் என்பது தெரிந்தும் ஷோபா, "எனக்கு வேணும்ணா. ரொம்ப வேணும். கையில பணமில்ல, ஆனா வேணும்" என்றாள். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது.

அருணாசலம் தேய்ப்பதை நிறுத்தினார். "அவனுக்கு வாக்குக் கொடுத்துட்டேனே தங்கச்சி" என்றார். கல்லில் தண்ணீர் ஊற்றிக் கழுவியபடி, "வியாழக்கிழமை அவன் வரலேன்னா ஒனக்கு" என்றார்.

பிரசன்னா வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வது பாவமா என்று யோசித்தபடி ஷோபா ஹாஸ்டல் சமையலறைக்குத் திரும்பினாள். குக்கர் நாலாவது விசில் அடித்துக்கொண்டிருந்தது.