கோலுக்குப் பின்னால் ஓர் இருக்கை

என் கணவர் போய்ச் சேர்ந்த பிறகும், மகளின் ஐஸ் ஹாக்கியில் அவர் சொன்னதுதான் எனக்குச் சட்டம். "பொண்ணு ஒல்லி. விங்லயே ஆடட்டும். டிஃபென்ஸ்ல நின்னா மாடு மாதிரி வந்து இடிச்சுத் தள்ளிடுவாளுங்க." விங் என்றால் ஓரமாகச் சறுக்கிப் போய் எதிரணி கோலைத் தாக்குவது. டிஃபென்ஸ் என்றால் நம் கோலுக்கு முன்னால் வருகிறவர்களை மறிப்பது. மதுரை வெயிலில் வளர்ந்த மனுஷன், போனில் வீடியோ பார்த்தே இதையெல்லாம் தெரிந்துகொண்டார்.

சனிக்கிழமைகளில் துபாய் அல் குசைஸில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து கிளம்புவோம். வெளியே வெயில் பொசுக்கும், பனித்தளம் போட்ட ரிங்குக்குள் பல் கிட்டிவிடும். ஊட்டியில் வாங்கிய மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு, நம் கோலுக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்பை ஒட்டி உட்காருவார். மகள் எதிர்க் கோடியில் மோதி விழுவதைக் கிட்டத்தில் பார்க்கிற தைரியம் இல்லை, அதுதான் விஷயம். இடைவேளையில் அணிகள் பக்கம் மாறும்போது இவரும் பையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போவார். போகிற இடத்திலெல்லாம் பக்கத்து இருக்கையில் பையை வைத்து எனக்கு இடம் பிடிப்பார். "அந்தக் குளிர்ல யாருங்க உக்காருவா?" என்று நான் நடுவில், ஹீட்டருக்குக் கீழேயே இருந்துவிடுவேன்.

நெஞ்சு வலி அவரை அலுவலகத்திலேயே கொண்டுபோய்விட்டது. பெட்டியில் வைத்து ஊருக்குக் கொண்டுபோனோம். பொம்பளைப் பிள்ளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று தெருமுனையிலேயே மகளை நிறுத்திவிட்டார்கள். அவள் அழவே இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

துபாய் திரும்பிய பிறகு கதவுக்குப் பின்னால் அந்தக் குல்லா தொங்கிக்கொண்டே இருந்தது. ஏசி காற்றில் அது அசைந்தால் எனக்குத் தூக்கிவாரிப் போடும். சீ, உனக்கென்ன பைத்தியமா என்று என்னையே திட்டிக்கொள்வேன். எடுத்து உள்ளே வைக்க மட்டும் கை வரவில்லை.

இந்த சீசன் தொடங்கியதும் மகள் டிஃபென்ஸ்தான் வேண்டும் என்றாள். எனக்கு வந்ததே கோபம்! நேராகக் கோச்சிடம் போனேன். அந்தம்மா பொறுமையாகச் சொன்னார்: உயரமும் எடையும் உதவும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பெண்கள் ஆட்டத்தில் வேண்டுமென்றே இடிக்க அனுமதி கிடையாது. ஆளைச் சரியாகக் கணித்து, பின்பக்கமாகச் சறுக்கத் தெரிந்தால் போதும், அதில் உங்கள் பெண்ணை மிஞ்ச இந்த அணியில் ஆள் இல்லை. நீங்கள் சரி என்றால் அடுத்த ஆட்டத்திலேயே டிஃபென்ஸில் நிறுத்துகிறேன்.

நான் சரி என்று சொல்லவில்லை. என் கணவர் கடைசியாக விட்டுப்போன பேச்சு அது ஒன்றுதான். அதையும் எப்படித் தூக்கிப் போடுவது?

காரில் ஏறியதும் கத்தினேன். "அப்பா சொன்னது அதுக்குள்ள மறந்துபோச்சாடி?"

"மறக்கல." ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "விங்ல ஆடினா அப்பாவை விட்டுத் தூரமா போயிட்டே இருக்கேன்மா. டிஃபென்ஸ்ல பேக்வர்ட்ஸ் ஸ்கேட் பண்ணணும். அப்ப அப்பாகிட்ட வருவேன்."

"எந்த அப்பாகிட்ட?"

"கோலுக்குப் பின்னாடி இருக்காரே." பிறகு மெதுவாக, "ஐ நோ ஹி இஸ் டெட் அம்மா. பட் அங்க இருக்கார்."

ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டேன். அன்றைக்குத்தான் அவள் அழுதாள், நானும் அழுதேன். வீட்டுக்கு வந்ததும் கோச்சுக்குச் சரி என்று செய்தி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை முதல் முறையாகக் கோலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தேன். எதிரணிப் பெண் ஒருத்தி, இவளைப் போல இரண்டு பங்கு இருப்பாள், பக் என்கிற ரப்பர் வில்லையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். என் மகள் அவளைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் வந்தாள், எங்களை நோக்கி. மட்டையை நீட்டித் தட்டினாள், பக் மூலைக்கு ஓடியது. இரண்டு பேரும் மோதியதில் கண்ணாடி அதிர்ந்தது. ஐயோ என்று எழுந்துவிட்டேன். அவள் விழவில்லை. திரும்பிக் கண்ணாடி வழியாகப் பார்த்தாள், என்னை இல்லை, எனக்குப் பக்கத்து இருக்கையை.

அணிகள் பக்கம் மாறின. நானும் எழுந்தேன். யாரோ கூட எழுந்து வருவதற்காக ஒரு கணம் நின்றேன், பிறகு நடந்தேன். அந்தக் கோடியில் உட்கார்ந்து, பையிலிருந்து குல்லாவை எடுத்துப் பக்கத்து இருக்கையில் வைத்தேன். வேற்று நாட்டுத் தாய் ஒருத்தி வந்து, இங்கே உட்காரலாமா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"ஆள் இருக்கு," என்றேன். வாயில் தமிழ்தான் வந்தது.