ஒப்பந்தத்தில் மூன்று பேர்

எங்கள் வாடகை ஒப்பந்தத்தில் மூன்று பேர் இருந்தோம். வீட்டில் இருந்தது நான்கு பேர். அந்த நான்காவது ஆள் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா. நாத்தனார் என்றதும் நீங்கள் நினைக்கிற எந்தச் சண்டையும் எங்களுக்குள் நடக்கவில்லை. நடந்திருந்தால் தேவலை என்று இப்போது தோன்றுகிறது.

என் வீட்டுக்காரர் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் 'அக்கா'தான். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. கட்டில் விரிப்பை ஆளுக்கொரு முனையாக இரண்டு பேர் பிடித்துத்தான் மடிப்பார்கள். இவர் ஒரு ஓரத்தைத் தாடையில் இடுக்கிக்கொண்டு தனியாகவே மடித்து அடுக்கிவிடுவார். அங்கே அவருக்குப் பேர் 'நாலு மடிப்பு'. கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "யாரும் வந்து கேக்கல, நானும் போய்க் கேக்கல" என்றார். அதோடு சரி, அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சரியான கல்லுளிமங்கி.

இந்த வீட்டுக்கு முன்னால் பதினெட்டு வீடு ஏறி இறங்கியிருந்தோம். மகளுக்கு அப்போது இரண்டு வயது, என் இடுப்பை விட்டு இறங்க மாட்டாள். வீட்டைக் காட்டிய ஏஜென்ட் வாசலிலேயே படிவத்தை விரித்துவிட்டான். எத்தனை பேர் என்று கேட்டான். என் வீட்டுக்காரர் நாலு என்றார். பேனா அப்படியே நின்றது.

"நாலா? ஓனருக்கு மூணு பேருக்கு மேல ஆகாதுங்க. மூணுன்னு போட்டா இன்னைக்கே சாவி. நாலுன்னா அவங்ககிட்ட கேக்கணும், ஒரு வாரம் ஆகும். கீழ ரெண்டு குடும்பம் நிக்கிறாங்க, பாத்தீங்கல்ல?"

நாங்கள் இருவரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அக்கா சமையலறையில் குழாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். அங்கிருந்தே குரல் வந்தது.

"மூணுன்னே போட்டுக்கோங்க தம்பி. நான் பாதி நாள் டியூட்டியிலதான இருப்பேன்."

போட்டான். பதினோரு பக்க ஒப்பந்தம். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் அவனே மஞ்சள் சீட்டு ஒட்டிவைத்திருந்தான். நாங்கள் அந்தச் சீட்டுகளை மட்டும் படித்தோம். ஓனர் யார், அவர் நம்பர் என்ன, மூன்று பேர் என்று நிஜமாகவே சொன்னாரா, ஒன்றும் கேட்கவில்லை. ஏஜென்ட் சொன்னதெல்லாம் ஓனர் சொன்னதாகாது என்று அன்றைக்கு யாராவது என் மண்டையில் குட்டிச் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். சாவி கைக்கு வந்தாயிற்று.

மூன்றாம் மாதம் மெசேஜ் வந்தது. செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு வீட்டைப் பார்வையிட ஏஜென்ட் ஆபீசிலிருந்து ஆள் வரும். நான்கு பேர் இருப்பது தெரிந்தால் ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிக் காலி செய்யச் சொல்லலாம். மறுபடியும் பதினெட்டு வீடு ஏற என்னால் முடியாது. அக்காவின் சின்ன அறையில் கட்டிலை மடக்கிச் சுவரோரம் வைத்தோம். மகளின் பொம்மைகளைப் பரப்பினோம். விளையாட்டு அறையாம்! அக்கா பல் தேய்க்கும் பிரஷ், கண்ணாடிக் கூடு, செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கப் பஸ் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். வந்த ஆள் போனதும் நான் பால்கனியில் சிவப்புத் துண்டைக் காயப்போட வேண்டும், அவர் ஏறி வருவார். இதுதான் ஏற்பாடு.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதே கூத்து. நான்கு வருஷம். முதலில் ஒரு மணி நேரம் பிடித்த வேலை போகப் போகப் பத்து நிமிஷத்தில் முடிந்தது. காரணம் எங்கள் சாமர்த்தியம் இல்லை, அக்கா சாமான்களைக் குறைத்துக்கொண்டே வந்தார். சுவரில் மாட்டியிருந்த படத்தைக் கழற்றினார், திரும்ப மாட்டவில்லை. ஒரு பூந்தொட்டி வாங்கினார், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார். கடைசியில் எல்லாம் ஒரு பைக்குள் அடங்கிவிட்டது. "அக்கா எவ்ளோ சிக்கனமா இருக்காங்க பாருங்க" என்று என் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். எனக்கு எங்கே போயிற்று புத்தி!

மகளுக்கு நாலு வயதானதும் இன்னொரு பயம் வந்தது. யாராவது வந்தால் அத்தை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தேன். கெட்டிக்காரி, உடனே பிடித்துக்கொண்டாள். டேப்லெட்டில் படம் எடுக்க வந்த ஏஜென்ட் பெண், "இது யார் ரூம் பாப்பா?" என்றாள். "பொம்மை ரூம்" என்றாள் மகள், கண்ணை இமைக்காமல். நான் உள்ளே போய் மகளுக்கு பிஸ்கட் எடுத்துக் கொடுத்தேன்.

ஒரு தடவை துண்டைப் போட மறந்துவிட்டேன். ஆள் பத்தரைக்கே போயாயிற்று. மகளுக்குக் காய்ச்சல் அடித்தது, அவளோடு படுத்தவள் அப்படியே தூங்கிப்போனேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் அக்காவையும் கூட்டிக்கொண்டு உள்ளே நுழைந்தார். பஸ் நிறுத்தத்தில் ஏழு மணி நேரம்.

"அய்யய்யோ அக்கா, ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"அவங்க இன்னும் போகலையோன்னு நெனச்சேன்ம்மா. போன் அடிச்சா அவங்களுக்குக் கேட்டுடும்ல."

கோபமே இல்லை அந்தக் குரலில். திட்டியிருந்தால் அழுதாவது தீர்த்திருப்பேன். அவர் கை கால் கழுவிவிட்டு வந்து காயப்போட்ட துணியை மடிக்க ஆரம்பித்தார். நான் கஞ்சி வைக்கப் போனேன்.

போன வருஷம் குளியலறைக் கூரையில் ஈரம் கசிந்தது. ஏஜென்ட்டுக்கு மூன்று தடவை சொல்லியும் பலனில்லை. ஒரு நாள் காலையில் காலிங் பெல் அடித்தது. பிளம்பரோடு ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார், அறுபது வயதிருக்கும். தான்தான் ஓனர் என்றார். அக்கா நைட் ஷிப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொன்னேன். அதற்குள் அறைக் கதவு திறந்தது. அக்கா பையோடு நின்றார், தலைகூட வாரவில்லை.

"இதோ கெளம்பிட்டேங்க. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"தூக்கக் கலக்கத்துல எங்கம்மா கெளம்புறீங்க?" என்றார் ஓனரம்மா.

அதற்கு மேல் என்னால் மூடி மறைக்க முடியவில்லை. பிளம்பர் இருக்கிறாரே என்றுகூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஓனரம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "மூணு பேருன்னு நான் எப்பம்மா சொன்னேன்? வீட்ட சுத்தமா வச்சிக்கிறவங்களா பாருங்கன்னுதான சொன்னேன்" என்றார். அங்கேயே ஏஜென்ட் ஆபீசுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"அது முன்னாடி இருந்த ஸ்டாஃப் போட்டது மேடம். நாலுன்னா உங்ககிட்ட அப்ரூவல் வாங்கணும், லேட்டாகும்னு அவசரத்துல மூணுன்னு போட்டிருப்பாங்க. பெரிய விஷயமில்ல. இவங்க எங்களுக்கு ஒரு மெயில் போட்டிருந்தா அப்பவே சேத்திருப்போம்."

ஒரு மெயில்! நான் துணிக்கூடை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அக்கா மட்டும் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பை இன்னும் தோளில்தான் இருந்தது.

ஒரே வாரத்தில் புது ஒப்பந்தம் வந்தது. நான்காவது வரியில் அக்காவின் பெயர். இந்தத் தடவை பதினோரு பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன் பெயரைப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா. எழுத்துப் பிழையில்லாம போட்டிருக்காங்க." காகிதத்தை என்னிடம் நீட்டினார். "ஆஸ்பத்திரி ஹாஸ்டல்ல ரூம் கேட்டு எழுதிக் குடுத்திருந்தேன். கெடச்சிடுச்சு. ஒண்ணாந்தேதி போறேன்."

"இப்பதான் எல்லாம் சரியாயிடுச்சேக்கா! இனிமே யாருக்குப் பயப்படணும்?"

"பயமில்லம்மா. பெல் அடிச்சா கை தானா பையத் தேடுது. வாசல்ல காய்கறிக்காரன் நின்னாலும் அப்படித்தான். அங்க யாரும் வந்து பாக்க மாட்டாங்க, நிம்மதியா தூங்கலாம்."

என் வீட்டுக்காரர் கெஞ்சிப் பார்த்தார். மகள் காலைக் கட்டிக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? சத்தியமாகச் சொல்கிறேன், ஒன்றும் செய்யவில்லை. அழுகைகூட வரவில்லை. ஒண்ணாந்தேதி அக்கா பஸ் ஏறிப் போனார். நான் போய் அடுப்பில் கொதித்த பாலை இறக்கினேன்.

அதற்குப் பிறகு வந்த பார்வையிடலில் ஏஜென்ட் பெண் புதுப் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயராகப் படித்தாள். நான்காவது பெயரில் நிமிர்ந்தாள். "இவங்க எங்க?"

"டியூட்டிக்குப் போயிருக்காங்க" என்றேன். ஒரு டிக் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

மத்தியானம் அக்காவுக்கு போன் செய்து இதைச் சொன்னேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். பின்னால் சலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பேரு இருந்து ஆளு இல்லன்னா உங்களுக்கு எதாவது சிக்கலாகுமாம்மா?" என்றார். "அடுத்த தடவ அவங்க வர்ற தேதிய முன்கூட்டியே சொல்லிடு. நான் லீவு போட்டுட்டு வந்து, அவங்க போற வரைக்கும் வீட்ல உக்காந்திருக்கேன்."